பிராந்திய ரயிலில் பிசினஸ் கிளாஸுக்கு மாறப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

இரண்டு மூன்று மணி நேரத்தில் ஊர் போய்ச் சேர்கிற பிராந்திய ரயில்களில் பயணம் செய்பவர்களுக்கு, "கொஞ்சம் கூடக் கட்டி பிசினஸ் கிளாஸுக்கு மாறிக்கொள்ளுங்கள்" என்று மின்னஞ்சல் வருவது இப்போது சாதாரணம். வந்தால் உடனே பட்டனை அழுத்திவிடாதீர்கள். நான் அப்படி வந்த ஒன்றுக்குப் பணம் கட்டி, பிசினஸ் கிளாஸ் பெட்டியே இல்லாத ரயிலில், கழிவறைக்குப் பக்கத்தில் இருக்கும் மடக்கு இருக்கையில் உட்கார்ந்து போனேன். கட்டிய பணம் இன்னும் கைக்கு வரவில்லை.

நிறுவனத்தின் பெயரையும் நாட்டையும் எழுதப்போவதில்லை. இந்த அப்கிரேடுகளை விற்கும் முறை பல ரயில் நிறுவனங்களில் கிட்டத்தட்ட ஒன்றுதான். பெயரைச் சொன்னால், "நம்முடையது வேறு நிறுவனம்" என்று நிம்மதியாகக் கடந்து போய்விடுவீர்கள்.

என்னிடம் இருந்தது சாதாரண வகுப்பு டிக்கெட். ஜன்னலோர இருக்கை, முன்பதிவு செய்தது. பயணத்துக்கு முன்தினம் வந்த மின்னஞ்சலில் அகலமான தோல் இருக்கை, ஒரு பக்கம் ஒற்றை இருக்கை, மேஜை விளக்கு எல்லாம் படமாக இருந்தன. கட்டணம் என் டிக்கெட் விலையில் பாதிக்கு மேல். வேலை இருந்தது, அமைதியாக உட்கார்ந்து முடித்துவிடலாம் என்று கட்டினேன். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பணம் போன அடுத்த நிமிடமே என் பழைய ஜன்னலோர இருக்கை ரத்தாகி, வேறொருவருக்கு விற்பனைக்குப் போய்விட்டது. இதை எந்தத் திரையும் எனக்குச் சொல்லவில்லை. மறுநாள் அந்த இருக்கையில் ஒருவர் சொகுசாகத் தூங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ரயில் வந்தது, பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே பிளாட்ஃபாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். பிசினஸ் பெட்டி இல்லை. டிக்கெட் பரிசோதகரிடம் கேட்டதற்கு, வழக்கமான வண்டித் தொடர் பழுது பார்க்கப் போயிருக்கிறது, மாற்றுத் தொடரில் அந்த வகுப்பு கிடையாது, எங்கே இடம் இருக்கிறதோ அங்கே உட்காருங்கள் என்றார். எங்கேயும் இடம் இல்லை. அது அலுவலகம் விடும் நேரம். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள் என்றேன். தேவையில்லை, எல்லாம் கணினியில் பதிவாகிவிடும், பணம் தானாகத் திரும்பிவிடும் என்று சொல்லிவிட்டு, என் டிக்கெட்டை ஸ்கேன் செய்துகொண்டு போய்விட்டார்.

அந்த ஸ்கேன்தான் எனக்கு வினையாக வந்தது. ரயில் நிறுவனத்துக்கு எழுதினேன். "உங்கள் டிக்கெட் பயணத்தில் பரிசோதிக்கப்பட்டிருக்கிறது, சேவை பயன்படுத்தப்பட்டதாகப் பதிவாகியுள்ளது" என்று பதில் வந்தது. பெட்டியே வராதபோது எந்தச் சேவையைப் பயன்படுத்தினேன் என்று திருப்பிக் கேட்டேன். அப்போதுதான் புது விஷயம் சொன்னார்கள். அப்கிரேடை விற்றது தாங்கள் இல்லையாம், தங்கள் பெயரில் இயங்கும் ஒரு கூட்டாளி நிறுவனமாம், அங்கே போய்க் கேளுங்கள் என்று கைவிரித்துவிட்டார்கள். கூட்டாளி நிறுவனமோ, பெட்டி வரவில்லை என்பதை ரயில் நிறுவனம் உறுதிசெய்தால்தான் பணம் தர முடியும் என்றது. ரயில் நிறுவனம் உறுதிசெய்ய வேண்டுமானால் பரிசோதகர் எழுதித் தந்த சீட்டு வேண்டுமாம். அதாவது, தேவையில்லை என்று அவர் சொன்ன அதே சீட்டு.

கடைசியில் ஒரு வவுச்சர் வந்தது. சேவைக் கட்டணம் என்று ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு மீதிக்கு. அதை டிக்கெட் வாங்கப் பயன்படுத்த முடியாது, இன்னொரு பிசினஸ் கிளாஸ் அப்கிரேடுக்கு மட்டும்தான் செல்லும். நல்ல அல்வா!

சரி, இது ஒருநாள் நடந்த விபத்து, தினமுமா இப்படி என்று நீங்கள் கேட்கலாம். பிராந்திய ரயில்களில் இது நடப்பதற்கான காரணம் அந்த ரயில்கள் இயங்கும் விதத்திலேயே இருக்கிறது. அதிவேக ரயில்களில் பெரும்பாலும் ஒரே மாதிரித் தொடர்கள் ஓடும், ஒன்று பழுதானால் அதே அமைப்புள்ள இன்னொன்று வரும். பிராந்தியத் தடங்களில் பழசும் புதுசுமாகப் பல வகை வண்டிகள் கலந்து ஓடும். மேல் வகுப்பு என்பது ஒரே ஒரு பெட்டி, பல இடங்களில் ஒரு பெட்டியின் ஓரத்தில் கண்ணாடிக் கதவு போட்டுத் தடுத்த கால்வாசி இடம். ஒரு தொடர் பழுதானால், கையில் எது இருக்கிறதோ அதை அனுப்பிவிடுவார்கள். அவர்களுக்கு ரயில் ஓடினால் போதும். அப்கிரேடு விற்கும் கணினிக்கோ மாற்றுத் தொடர் பற்றிய செய்தி போய்ச் சேருவதில்லை. என் விஷயத்தில் ரயில் கிளம்பிய பிறகும் அந்த இல்லாத பெட்டிக்கு இருக்கை விற்றுக்கொண்டிருந்தார்கள். செயலியைத் திறந்து நானே பார்த்தேன்.

பெட்டி வந்துவிட்டால் மட்டும் கொடுத்த காசுக்கு முழுப் பலன் உண்டா? அது நீங்கள் ஏறும் ரயிலைப் பொறுத்தது. அமெரிக்காவில் பாஸ்டனுக்கும் வாஷிங்டனுக்கும் இடையே ஓடும் ஆம்டிராக் ரயில்களை எடுத்துக்கொள்வோம். அசெலா ரயிலில் பிசினஸ் கிளாஸ்தான் கீழ் வகுப்பு, அதற்கு மேலே ஃபர்ஸ்ட் கிளாஸ் இருக்கிறது. அதே தண்டவாளத்தில் ஓடும் நார்த்ஈஸ்ட் ரீஜனலில் சாதாரண வகுப்பு கோச், அதற்கு மேலே உள்ளது பிசினஸ். இந்த ரீஜனல் ரயிலின் பழைய ஆம்ஃப்ளீட் பெட்டிகள் 1970-களில் கட்டப்பட்டவை. அவற்றில் பெரும்பாலும் கோச்சிலும் பிசினஸிலும் பக்கத்துக்கு இரண்டிரண்டு இருக்கைகள்தான். பிசினஸில் கால் நீட்டக் கூடுதல் இடம் கிடைக்கும், அவ்வளவு. சிகாகோவைச் சுற்றி ஓடும் புதிய வென்ச்சர் பெட்டிகளில் பிசினஸ் கிளாஸ் ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று என்று இருக்கிறது. ஐரோப்பாவுக்குப் போனால் கதை மாறுகிறது. ஆஸ்திரியாவின் ரயில்ஜெட்டில் பிசினஸ் என்பது ஃபர்ஸ்ட் கிளாஸுக்கும் மேலே. இத்தாலியின் ஃப்ரெச்சாரோசாவில் ஸ்டாண்டர்ட், பிரீமியம், பிசினஸ், எக்ஸிக்யூட்டிவ் என்று நான்கு படிகள். ஆகவே எங்கோ ஒரு அதிவேக ரயிலில் அனுபவித்த பிசினஸ் கிளாஸை மனதில் வைத்துக்கொண்டு பிராந்திய ரயிலில் அதே பெயருக்குப் பணம் கட்டினால் ஏமாற்றம் நிச்சயம். மின்னஞ்சலில் வரும் படமும் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் மிகப் புதிய பெட்டியில் எடுத்ததாகத்தான் இருக்கும். எனக்கு வந்த படத்தில் இருந்த ஒற்றை இருக்கை அந்தத் தடத்தில் ஓடும் எந்த வண்டியிலும் கிடையாது என்பது பிறகு தெரிந்தது. பெட்டி வந்திருந்தாலும் அது எனக்குக் கிடைத்திருக்காது!

குறுகிய தூரத்துக்கு மேல் வகுப்பு எதற்கு என்று சில ஊர்களில் கைவிட்டே விட்டார்கள். பாரிஸ் மெட்ரோவில் 1991-இல் முதல் வகுப்பை எடுத்தார்கள், ஆர்.இ.ஆர். புறநகர் ரயில்களில் 1999-இல். லண்டனின் தேம்ஸ்லிங்க் ரயில்களில் பின்கோடியில் உள்ள முதல் வகுப்புப் பகுதியில் சாதாரண டிக்கெட்காரர்களும் உட்காரலாம். அங்கே முதல் வகுப்புக்குப் பணம் கட்டியவரும் கட்டாதவரும் ஒரே மாதிரி இருக்கையில் அக்கம்பக்கமாகப் போகிறார்கள்.

இந்த வியாபாரத்தை ஓரளவு நாணயமாகச் செய்கிறவர்களும் உண்டு. டோக்கியோவைச் சுற்றி ஜே.ஆர். ஈஸ்ட் என்ற நிறுவனம் ஓட்டும் சாதாரண ரயில்களில் கிரீன் கார் என்ற மேல் வகுப்புப் பெட்டி இருக்கிறது. இருக்கை எண் தர மாட்டார்கள், இடம் கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை, உள்ளே நின்றுகொண்டு போனாலும் கட்டணம் கட்ட வேண்டும். கேட்பதற்கு அநியாயமாக இருக்கிறதல்லவா? ஆனால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். இடமில்லை என்று சாதாரணப் பெட்டிக்குப் போகிறவர், பயன்படுத்தவில்லை என்பதற்கான சான்றை அந்தப் பெட்டியின் பணியாளரிடம் வாங்கிக்கொண்டு பணத்தைத் திரும்பப் பெறலாம். சுய்கா என்ற, முன்பணம் போட்டு வைத்துக்கொள்ளும் பயண அட்டையில் வாங்கியிருந்தால், இருக்கைக்கு மேலே கூரையில் உள்ள கருவியில் அட்டையைக் காட்டியதும் சிவப்பு விளக்கு பச்சையாகும். யார் எந்த இருக்கைக்குப் பணம் கட்டி உட்கார்ந்திருக்கிறார் என்பது அங்கேயே தெரிந்துவிடும். எனக்கு வேண்டியிருந்ததும் அப்படியொரு சான்றுச் சீட்டுதான்.

சட்டம் காப்பாற்றுமா என்றால், பாதிதான். விமானத்தில் கீழ் வகுப்புக்குத் தள்ளினால், ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி தூரத்தைப் பொறுத்து டிக்கெட் விலையில் 30, 50 அல்லது 75 சதவீதத்தை ஏழு நாட்களுக்குள் திருப்பித் தரச் சொல்கிறது. ரயில் பயணிகளுக்கான அதே ஒன்றியத்தின் 2021/782 விதி 2023 ஜூன் 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் தாமதத்துக்குத் தெளிவான கணக்கு உண்டு. ஒரு மணி நேரத் தாமதத்துக்கு 25 சதவீதம், இரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் என்றால் 50 சதவீதம். வகுப்பு இறக்கத்துக்கு விமானத்தில் உள்ளது போன்ற சதவீதப் பட்டியல் இல்லை. போதாததற்கு, பிராந்திய ரயில்களுக்கு இந்த விதியின் சில பகுதிகளிலிருந்து அந்தந்த நாடு விலக்கும் அளிக்கலாம். பிரிட்டனில் நிலைமை கொஞ்சம் மேல். முதல் வகுப்பு டிக்கெட் வைத்திருந்து அந்த வகுப்பில் இடம் இல்லாவிட்டால் கட்டண வித்தியாசத்தைக் கேட்டுப் பெறலாம் என்று அங்குள்ள தேசிய ரயில் பயண நிபந்தனைகளே சொல்கின்றன. எங்கே இருந்தாலும் புகாரைத் தள்ளிப்போடாதீர்கள். மேலே சொன்ன ரயில் விதியின்படி புகார் கொடுக்க மூன்று மாதம்தான் அவகாசம். நிறுவனம் பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அப்படியானால் அப்கிரேடே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். ஜெர்மனியில் 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கி, பிறகு விலை ஏறிய டாய்ச்லாண்ட் டிக்கெட் பிராந்திய ரயில்களில் இரண்டாம் வகுப்புக்கானது. அந்த மாதிரி மலிவுச் சீட்டால் சாதாரணப் பெட்டி பிதுங்கி வழியும் தடத்தில், முன்பக்கம் காலியாகக் கிடக்கும் முதல் வகுப்புக்குக் கூடுதல் பணம் கட்டுவதில் நியாயம் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணம், கூட்ட நேரம், மடிக்கணினியில் வேலை, இந்த மூன்றும் சேர்ந்தால் நானும் யோசிப்பேன். கூட்டமில்லாத மதிய நேர ரயிலில் சாதாரணப் பெட்டியிலேயே இரண்டு இருக்கையில் பரந்து உட்காரலாம், அங்கே பிசினஸுக்குக் கட்டும் பணம் தண்டம். வைஃபை, பிளக் பாயிண்ட் இரண்டையும் அப்கிரேடுச் சலுகையாக எழுதியிருந்தால் நன்றாகப் பாருங்கள். பல ரயில்களில் அவை எல்லா வகுப்புக்கும் உண்டு, இருப்பதையே திரும்ப உங்களிடம் விற்கிறார்கள்.

வாங்குவதாக இருந்தால், முடிந்தவரை ரயிலில் ஏறி, பெட்டியைக் கண்ணால் பார்த்த பிறகு பரிசோதகரிடமே வாங்குங்கள். அப்படி விற்காத ரயில்களும் உண்டு, வண்டிக்குள் வாங்கினால் அதிகம் கேட்கும் ரயில்களும் உண்டு. ஜப்பானின் கிரீன் காரில் முன்கூட்டி சுய்காவில் வாங்குவதுதான் மலிவு. இணையத்தில் வாங்கத்தான் வேண்டும் என்றால் பணம் யார் கணக்குக்குப் போகிறது என்று பாருங்கள், ரயில் நிறுவனத்துக்கா, நடுவில் இருப்பவருக்கா? ஏல முறையில் தொகை கேட்கும் செயலிகளில் இது இன்னும் முக்கியம். அப்புறம், பழைய இருக்கை என்ன ஆகும் என்ற கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். எழுதவில்லை என்றால் போய்விடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி வரவில்லை என்றால் பரிசோதகர் என்ன சொன்னாலும் எழுத்தில் வாங்காமல் விடாதீர்கள். தர மறுத்தால் ரயில் எண்ணும் பெட்டி எண்ணும் தெரியும்படி நிற்கிற ரயிலைப் படம் எடுத்து, உட்கார்ந்த இடத்தையும் எடுத்து, அங்கிருந்தே புகாரை அனுப்பிவிடுங்கள். நேரத்தோடு பதிவாகும்.

என் வங்கியிடம் அட்டைப் பரிவர்த்தனையை மறுத்து விண்ணப்பித்திருக்கிறேன். வாங்கிய சேவை கிடைக்கவில்லை என்ற காரணத்தில் அட்டைப் பணத்தைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. அதற்கு வவுச்சரைத் தொடாமல் வைத்திருப்பது நல்லது என்று வங்கியில் சொன்னார்கள். பயன்படுத்திவிட்டால் இழப்பீட்டை ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்ளலாமாம். உங்களுக்கும் இப்படி ஒரு வவுச்சர் வந்திருந்தால், வங்கியில் கேட்டுவிட்டு அப்புறம் அதைத் திறங்கள்.