மூளையின் கலர் படமும் என் மனச்சோர்வும்: இருபது செஷன் முடித்தபின்

மனச்சோர்வுக்கு நியூரோஃபீட்பேக் என்ற மூளை அலைப் பயிற்சிக்குப் போவதற்கு முன்பு எனக்கு இருந்த பெரிய பயம், தலையில் ஷாக் கொடுப்பார்களோ என்பதுதான். இல்லை. இதில் மண்டைக்குள் எதையும் அனுப்புவதில்லை. மூளை தானாக விடுகிற சின்னஞ்சிறு மின் அலைகளை இஇஜி (தலைமேல் சென்சார் வைத்து அலையைப் பதிவு செய்யும் முறை) மூலம் பிடித்து, அதை நமக்கே திரையில் திருப்பிக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். காந்தத் துடிப்பு கொடுக்கும் டிஎம்எஸ் வேறு விஷயம், அதற்கு 2008-லேயே அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமைப்பான எஃப்டிஏ மனச்சோர்வுக்கென்று அனுமதி கொடுத்துவிட்டது. இரண்டையும் ஒரே விளம்பரத்தில் குழைத்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அந்த அனுமதி இதற்கும் சேர்த்து என்று நினைத்துவிடக் கூடாது.

எனக்கு இருப்பது டாக்டர் பார்த்துச் சொன்ன மனச்சோர்வு. (நாம் எல்லாவற்றுக்கும் மன அழுத்தம் என்றே சொல்லிவிடுகிறோம், வேலை டென்ஷனுக்கும் அதே வார்த்தை, எழுந்து பல் தேய்க்க ஒரு மணி நேரம் யோசிக்கிற நிலைக்கும் அதே வார்த்தை.) மாத்திரையும் கவுன்சிலிங்கும் ஓடிக்கொண்டிருந்தன. தூக்கம் சரியானது, மற்றதெல்லாம் பாதியில் நின்றது. அந்த நேரத்தில்தான் ஒரு நண்பர், மூளை அலைகளைப் பதிவு செய்து கலர் படமாக (மேப்) போட்டு, அதை வைத்து நியூரோஃபீட்பேக் கொடுக்கிற பிரெயின் மேப்பிங் பற்றிச் சொன்னார். என் டாக்டரிடம் கேட்டேன். மாத்திரையை நிறுத்தாமல் போவதென்றால் போங்கள், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள் என்றார். சரி என்று போனேன்.

மேப் எடுக்கிற நாள் உண்மையிலேயே சுவாரசியமானது. தலைமுடியில் எண்ணெய், ஜெல் எதுவும் இல்லாமல் வரச் சொன்னார்கள். நீச்சல் தொப்பி மாதிரி ஒன்று, அதில் 19 இடங்களில் சென்சார், ஒவ்வொன்றுக்குள்ளும் ஊசிமுனை இல்லாத சிரிஞ்சால் பிசுபிசுப்பான ஜெல் விட்டார்கள், இரண்டு தடவை தலைக்குக் குளித்தபிறகும் அது போகவில்லை. கண்ணை மூடிப் பத்து நிமிடம், திறந்து பத்து நிமிடம். பல்லைக் கடித்தால் திரை முழுக்கக் கிறுக்கல், கண் சிமிட்டினால் முன்பக்கக் கோடுகளில் பெரிய மேடு. டெக்னீசியன் என்னைக் கண்ணை மூடச் சொல்லிப் பதிவு செய்து, பிறகு அந்த இடத்தைக் காட்டினார்: மூடிய அடுத்த நொடி பின்மண்டைக் கோடுகளில் ஒரே சீராக அலை எழுகிறது, நொடிக்குப் பத்து தடவை போல. அதுதான் ஆல்ஃபா. ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மன் மனநல மருத்துவர் 1924-இல் முதன்முதலாக மனித மூளையின் அலைகளைப் பதிவு செய்து, 1929-இல்தான் வெளியிட்டார். அவர் பார்த்த அதே அலையை என் தலையில் பார்த்தபோது, பல மாதங்களுக்குப் பிறகு ஒரு விஷயத்தில் ஆர்வம் வந்தது. அன்றைய வரவு அதுதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் ரிப்போர்ட். பக்கம் பக்கமாகக் குட்டிக் குட்டித் தலைகள், சிவப்பு, மஞ்சள், நீலம். உங்கள் அலைகளை அதே வயதுக்காரர்களின் தகவல் தொகுப்போடு ஒப்பிட்டு, சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைத்தான் அந்த நிறங்கள் காட்டுகின்றன. சிவப்பு என்றால் அங்கே புண் இருக்கிறது, கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தமில்லை. 19 இடம், நாலைந்து அலைவரிசை, கண் மூடியது, திறந்தது என்று இத்தனை ஒப்பீடு செய்தால் யார் தலையிலும் எங்கேயாவது ஒரு சிவப்பு விழும். தூக்கக் கலக்கம், காலையில் குடித்த காபி, சாப்பிடுகிற மாத்திரை எல்லாமே நிறத்தை மாற்றும். இதையெல்லாம் நான் பின்னால்தான் படித்தேன், அங்கே யாரும் சொல்லவில்லை.

அங்கே சொன்னது இதுதான்: இடது முன்பக்கத்தில் விரலை வைத்து, “இங்க ஆல்ஃபா அதிகமா இருக்கு பாருங்க, அதான் உங்களுக்கு டிப்ரஷன்.” இது அவர்கள் சொந்தமாக விட்ட கதை இல்லை. ரிச்சர்ட் டேவிட்சன் என்ற உளவியலாளர் பல ஆண்டுகளாக ஆராய்ந்த விஷயம். ஆல்ஃபா கூடினால் அந்தப் பகுதியின் வேலை குறைகிறது என்று பொருள், இடது முன்மூளை மந்தமானால் எதையும் நாடிப் போகிற ஆசையும் மந்தமாகும் என்பது கருத்து. ஆனால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, இதை வைத்து ஒருவருக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது சரிவராது என்றுதான் முடித்தது. என் டாக்டர் நோயைக் கண்டுபிடித்தது உட்கார்ந்து பேசித்தான், படம் பார்த்து இல்லை.

ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்து அழுதேன். சோம்பேறித்தனம் இல்லை, நடிப்பு இல்லை, இதோ ஆதாரம் என்று ஒரு நிம்மதி. வீட்டுக்கு எடுத்துப்போய் அம்மாவிடம் காட்டினேன். இரண்டு வருடமாக நான் எவ்வளவு சொல்லியும் “வெளிய போய்ட்டு வா, சரியாயிடும்” என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அந்தச் சிவப்பைப் பார்த்ததும் பேசாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மொத்த அனுபவத்திலும் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி அதுதான், அது வந்ததோ இருப்பதிலேயே பலவீனமான ஆதாரத்திலிருந்து. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் அந்த 2017 ஆய்வைப் பற்றிச் சொல்லவுமில்லை.

செஷன்கள் வாரம் இரண்டு, ஒவ்வொன்றும் அரை மணி நேரம். இதற்கு முழுத் தொப்பி வேண்டாம், தலையில் இரண்டு சென்சார், காதில் கிளிப். திரையில் ஒரு வீடியோ ஓடும், அலை அவர்கள் வைத்த அளவுக்கு வந்தால் படம் தெளிவாகும், விலகினால் மங்கும். எப்படி வரவைப்பது என்று யாரும் சொல்லித்தர முடியாது, முயற்சி செய்தால் மங்கும், விட்டுவிட்டால் தெளியும். முதல் ஐந்து செஷன் எரிச்சல்தான். ஆறாவதில் ஏதோ பிடிபட்டது, என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு நாள் தலைவலியோடு திரும்பினேன், சொன்னதும் அளவை மாற்றி வைத்தார்கள். டெக்னீசியன் நல்ல பொறுமைசாலி, அவரைப் பற்றி எந்தக் குறையும் இல்லை.

பலன்? மனச்சோர்வின் தீவிரத்தை அளக்கும் பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளில் தொடங்கும்போது என் மதிப்பெண் 17, முடிக்கும்போது 11. குறைந்தது நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான். ஆனால் நடுவில் நான்காவது வாரத்தில் டாக்டர் மாத்திரை அளவைக் கூட்டியிருந்தார். வாரத்தில் இரண்டு நாள் குளித்து உடுத்தி நேரத்துக்கு வெளியே போனேன், அங்கே ஒருவர் எப்படித் தூங்கினீர்கள் என்று அக்கறையாகக் கேட்டார். இதில் எது வேலை செய்தது என்று பிரிக்க வழியில்லை. தூக்கமின்மைக்கு 2017-இல் போலி ஃபீட்பேக்கோடு (பயிற்சி மாதிரியே இருக்கும், ஆனால் உண்மையான பயிற்சி இல்லை) ஒப்பிட்டுச் செய்த ஓர் ஆய்வில் அசல், போலி இரண்டுக்கும் ஒரே அளவு பலன்தான் தெரிந்தது. ஏடிஹெச்டி என்ற கவனக்குறைவு உள்ள குழந்தைகளிடம் 38 செஷன் வரை கொடுத்த ஆய்விலும் அசல், போலி இரண்டு பக்கமும் முன்னேறின, பெரிய வித்தியாசம் இல்லை. மனச்சோர்வுக்கு நடந்த இஇஜி வகை ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்து அமிக்டலா என்ற, உணர்ச்சிகளோடு தொடர்புள்ள மூளைப் பகுதியைப் பயிற்றுவித்த ஒரு 2017 ஆய்வு நம்பிக்கை தந்தது, ஆனால் அது 36 பேரிடம் நடந்தது, கருவியும் வேறு.

எனக்குக் கோபம் வந்தது கடைசியில்தான். இரண்டாவது மேப் எடுத்த நாளுக்கு முந்தைய இரவு நான் சரியாகத் தூங்கவில்லை, சொல்லவும் சொன்னேன். படத்தில் தீட்டா அலை (தூக்கக் கலக்கத்தில் கூடுகிற மெதுவான அலை) முன்பைவிடச் சிவப்பு. உடனே நடத்துபவர், மூளை இப்போது மாற்றத்துக்குள் போகிறது, இன்னும் இருபது செஷன் எடுத்தால் செட்டாகிவிடும் என்றார். சிவப்பு குறைந்திருந்தால் வேலை செய்கிறது, கூடினாலும் வேலை செய்கிறது! அதோடு விட்டிருக்கலாம். “மாத்திரையக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுப் பாருங்களேன்” என்றார். அவர் டாக்டர் இல்லை. இந்த மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் தலைசுற்றல், மண்டைக்குள் ஷாக் அடித்த மாதிரி உணர்வு, விட்ட நோய் திரும்ப வருவது எல்லாம் உண்டு, குறைப்பதென்றால் எழுதிக் கொடுத்தவர்தான் குறைக்க வேண்டும்.

ஐந்துக்கு இரண்டரை ஸ்டார். மாத்திரையும் கவுன்சிலிங்கும் தொடர்கிறவர், கையில் நேரமும் பணமும் கொஞ்சம் மிச்சமிருக்கிறவர் முயன்று பார்க்கலாம். பணம் கட்டும் முன் பதிவை யார் படிக்கிறார்கள், கண் சிமிட்டலையும் தாடை அசைவையும் நீக்கிவிட்டுத்தான் படம் போடுகிறார்களா என்று கேளுங்கள், பதில் மழுப்பலாக வந்தால் கிளம்பிவிடுங்கள். வாழவே வேண்டாம் என்று தோன்றுகிற நாட்களில் இருக்கிறவர் இதற்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கிக் காத்திருக்கக் கூடாது, அன்றே டாக்டரிடமோ அவசர சிகிச்சைக்கோ போய்விட வேண்டும், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு.

மூன்றாவது மேப் எடுக்க வரச்சொல்லி அவர்களிடமிருந்து இப்போதும் மெசேஜ் வருகிறது. முதல் படத்தை அம்மா தன் அலமாரியில் வைத்திருக்கிறார்.