கணக்கே கிடையாது என்றார்கள், நம்பினேன்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது சுற்றுச்சூழல் பொருளியலில் முதுகலை படிக்க இடம் தேடிக்கொண்டிருந்தால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். பாலக்காட்டில் ஒரு மாடி அறையில் நடக்கும் 'கல்வி ஆலோசனை' நிலையத்தில் 85,000 ரூபாயைத் தொலைத்துவிட்டு எழுதுகிறேன்.

இந்தப் படிப்பின் மேல் ஆசை வந்ததற்கு எங்கள் ஊரே காரணம். கோடை வந்தால் போதும், எல்லையிலுள்ள மணக்கடவு தடுப்பணையில் தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் வர வேண்டும் என்ற பேச்சு டீக்கடை வரை கேட்கும். பக்கத்திலுள்ள பிளாச்சிமடைக் குளிர்பான ஆலையால் நேர்ந்த இழப்பு 216.26 கோடி ரூபாய் என்று அரசு அமைத்த குழு 2010இல் மதிப்பிட்டது. கெட்டுப்போன கிணற்றுக்கு எப்படி விலை போடுகிறார்கள்? அதைத்தான் படிக்க விரும்பினேன்.

ஆலோசகர் தேன் ஒழுகும் தமிழில் பேசினார். நான் தங்கச்சி, அப்பா அண்ணா. வெளிமாநிலப் பல்கலைக்கழகப் பட்டம், நுழைவுத் தேர்வு இல்லை, சனிக்கிழமை மட்டும் வகுப்பு, கணக்கே கிடையாது. கடைசியாகச் சொன்னதில்தான் நான் விழுந்தேன். பி.ஏ.வில் புள்ளியியல் தாளை இரண்டாம் முறை எழுதித் தேறியவள் நான்.

தென்னைகளைக் கள் இறக்க விட்டு அப்பா வாங்கிய முன்பணத்திலிருந்து மூன்று தவணையாகக் கட்டினோம். பேச்சு தமிழில்; ரசீது மலையாளத்தில். இங்கே தமிழ்வழியில் படித்தவர்களுக்குத் தெரியும், மலையாளம் சரளமாகப் பேசுவோம், வாசிக்கும்போது எழுத்துக்கூட்டுவோம். தொகையை மட்டும் பார்த்துவிட்டுப் பையில் வைத்தேன். அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியை நான்கு மாதம் கழித்துப் பக்கத்து வீட்டு அக்கா வாசித்துச் சொன்னார்: 'சேவைக் கட்டணம், திரும்பத் தரப்படாது.' பல்கலைக்கழகத்தின் பெயரோ படிப்பின் பெயரோ அதில் எங்குமே இல்லை.

வகுப்பு ஐந்து சனிக்கிழமை நடந்தது. குப்பையைத் தரம் பிரிப்பது, மழைநீர் சேகரிப்பது, பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பது. நல்ல விஷயங்கள்தான், ஏழாம் வகுப்பிலேயே படித்துவிட்டேன். சந்தேகம் வந்து முறையான பாடத்திட்டங்களைத் தேடிப் பார்த்தேன். நுண்பொருளியல், புள்ளியியலைக் கொண்டு பொருளாதாரத்தை அளக்கும் பொருளாதார அளவியல், எடுக்க எடுக்கத் தீரும் வளத்தை எந்த வேகத்தில் எடுப்பது என்று பொருளியலாளர் ஹோட்டலிங் 1931இல் எழுதியதன் வழிவந்த பாடங்கள், சந்தையில் விலையே இல்லாத ஆற்றைக் காக்க எவ்வளவு தருவீர்கள் என்று மக்களிடம் கேட்டு மதிப்பிடும் முறை. பக்கத்துக்குப் பக்கம் கணக்கு. 216.26 கோடி என்பதும் கணக்குப் போட்டு வந்த எண்தானே, அது அன்று எனக்கு உறைக்கவில்லை.

பல்கலைக்கழகத்துக்கே போன் செய்தேன். அப்படியொரு முதுகலை அங்கே இல்லை. மேலாண்மை டிப்ளமா ஒன்று இருந்தது, அதில் சுற்றுச்சூழல் ஒரு விருப்பத் தாள். எங்கள் பக்கத்தில் அவர்களுக்கு மையமும் இல்லையாம். தொலைநிலைப் படிப்பையும் இணையவழிப் படிப்பையும் இப்படி வெளியாட்களிடம் விட்டு நடத்தவே கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2020 விதிமுறை. அனுமதி பெற்ற படிப்புகளின் பட்டியல் யுஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் இருக்கிறது. ஐந்து நிமிட வேலை. நான் பார்க்கவில்லை.

சேர்க்கைக்கென்று நிலையத்தில் வாங்கி வைத்திருந்த என் அசல் சான்றிதழ்களை மட்டும் மீட்டுவிட்டோம். கல்லூரியே அசலைப் பிடித்து வைக்கக் கூடாது என்ற யுஜிசியின் 2018 அறிவிப்பை அச்செடுத்து அப்பா மேசைமேல் வைத்தார். அதுவரை 'பல்கலைக்கழகத்தில் இருந்த' சான்றிதழ்கள் பத்து நிமிடத்தில் பக்கத்து அலமாரியிலிருந்து வந்தன. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் டீ டம்ளர் வைத்த வட்டக் கறை.

பணத்துக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுத்திருக்கிறோம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. போன வாரம் அந்த வழியாகப் போனேன். நிலையத்தின் பெயர்ப் பலகையை மாற்றியிருக்கிறார்கள். கைப்பேசி எண் அதேதான்.