சின்சே சொன்ன சாப்பாட்டு முறை: சில வருட அனுபவம்

சிங்கப்பூரில் குழந்தைக்குக் காத்திருக்கிற பெண்ணிடம் "சின்சேயைப் பார்த்தியா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். சின்சே என்றால் சீன மருத்துவர். எனக்கு பிசிஓஎஸ் என்கிற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, மாதவிடாய் தள்ளித் தள்ளித்தான் வரும். மருத்துவமனை சிகிச்சையை விடாமல், கூடவே சீன மருத்துவ உணவு முறையையும் சில வருடங்கள் கடைப்பிடித்தேன்.

சின்சே நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். கருப்பையில் குளிர்ச்சி, ரத்தம் போதவில்லை என்றார். அவர்கள் கணக்கில் கருத்தரிப்புக்கான சாரம் இருப்பது சிறுநீரகத்தில். சாப்பாட்டை ரத்தமாக்குவது மண்ணீரல். ஐஸ் பானமும் சமைக்காத காய்கறியும் மண்ணீரலைச் சோர்வாக்குமாம். ஐஸ் மைலோவும் சாலட்டும் நின்றன, காலையில் சூடான கஞ்சி வந்தது.

ஊரிலிருந்து அம்மா ஃபோனில் பதறினார்: "புள்ள வேணும்னு இருக்கிறவ எள்ளு திங்கலாமாடி? சூடாச்சே!" சின்சேயோ கறுப்பு எள்ளைத் தினமும் சாப்பிடச் சொல்கிறார். இட்லிக்குத் தொட்டுக்கொள்கிற அளவு பொடியால் எந்தக் கெடுதலும் வராது என்று நான் சாப்பிட்டேன்.

முக்கியமானது கருங்கோழி சூப். மாதவிடாய் முடிந்ததும் வைப்பேன். கோழியைக் கொதிநீரில் ஒரு கொதி விட்டு, நுரையோடு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பிறகு மூடி போட்ட பீங்கான் ஜாடியில் இஞ்சி, டாங் குவேய் என்ற சீன மூலிகை வேர் ஓரிரு வில்லை, சிவப்பு இலந்தை சேர்த்து, ஜாடியைத் தண்ணீர்ப் பானைக்குள் வைத்து மெல்லிய தீயில் வேகவிடுவேன். இலந்தையின் கொட்டையை எடுத்துவிட வேண்டும், அது சூடு என்பார்கள். கோஜி பெர்ரி என்ற சின்னச் சிவப்பு உலர்பழத்தைக் கடைசியில் போட்டால்தான் குழையாது. வேரின் கசப்பு வாசம் பழக நாளாகும்.

பலன்? வயிற்று வலி குறைந்தது, மதியத்துச் சோர்வு போனது. இனிப்புப் பானத்தை விட்டதாலும் இருக்கலாம். மகள் இப்போது பாலர் பள்ளிக்குப் போகிறாள். ஆனால் அவள் சூப்பால் பிறந்தாள் என்று எழுத மாட்டேன். அந்த மாதங்களில் கருமுட்டை வெளிவர உதவும் லெட்ரோசோல் மாத்திரையும் எடுத்துக்கொண்டிருந்தேன். சின்சே அக்குபங்சர் ஊசியும் குத்திக்கொள்ளச் சொன்னார், மறுத்துவிட்டேன். சீனாவில் பிசிஓஎஸ் உள்ள 1000 பெண்களிடம் நடத்தி 2017-ல் வெளியான ஆய்வில், அக்குபங்சரால் குழந்தைப் பிறப்பு கூடவில்லை. லெட்ரோசோல் போலவே கருமுட்டை வெளிவர உதவும் குளோமிஃபீன் மாத்திரையால் கூடியது.

போவதாக இருந்தால் பதிவு பெற்றவரிடமே போங்கள். இங்கே 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம். டாங் குவேய், கோஜி இரண்டும் வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மருந்தோடு ஒத்துப்போகாது. மூலிகை எது சாப்பிட்டாலும் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். கரு தங்கியது தெரிந்தவுடன் நான் டாங் குவேயை நிறுத்திவிட்டேன். தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்துக்கு எந்தச் சூப்பும் ஈடில்லை. வயது 35-ஐத் தாண்டியிருந்தால் ஆறு மாதத்துக்கு மேல் காத்திருக்காமல் பரிசோதனைக்குப் போங்கள். கணவருக்கும் விந்துப் பரிசோதனை முதலிலேயே செய்துவிடுங்கள். கசப்புச் சூப்பைப் பெண் மட்டும் குடித்துக்கொண்டே மாதங்களைக் கழிப்பது அநியாயம்.