சேலத்துக்கு ஒரு பந்து, ஏற்காட்டுக்கு வேறு பந்து: கிளப்புக்கு எந்த டென்னிஸ் பந்து வாங்கலாம்?

சின்ன டென்னிஸ் கிளப்பின் வரவு செலவு நோட்டில் நெட்டும் லைட்டும் எப்போதாவது தலைகாட்டும் செலவு. மாதாமாதம் பணத்தைத் தின்பது பந்துதான். ஆனாலும் பந்து வாங்கும்போது பல கமிட்டிகள் பார்ப்பது டப்பா மேலுள்ள பெயரையும் கடைக்காரர் தரும் தள்ளுபடியையும் மட்டுமே. சேலத்தில் ஆடுகிறவர்களுக்கே இது போதாது. அடிவாரம் தாண்டி, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் ஏற்காட்டில் ஆடுகிறவர்களுக்குச் சுத்தமாக ஒத்துவராது.

அதனால் இந்த விமர்சனம் பிராண்ட் வாரியாக இல்லை, வகை வாரியாக. ஒரே கம்பெனியின் இரண்டு வகைப் பந்துகளுக்குள் இருக்கும் வித்தியாசம், இரண்டு கம்பெனிகளின் ஒரே வகைக்குள் இருப்பதைவிடப் பெரியது. வில்சனா, ஹெட்டா, டன்லப்பா என்று கமிட்டிக் கூட்டத்தில் அரைமணி நேரம் பேசுவது வீண்.

எக்ஸ்ட்ரா ட்யூட்டி: சிமெண்ட், அக்ரிலிக் கோர்ட்டுக்கு

மூன்று பந்து போட்ட டப்பா, மூடியை இழுத்தால் ‘புஸ்’ என்று சத்தம் வரும் வகை. பந்துக்குள் வெளிக்காற்றைவிட 12 முதல் 14 பி.எஸ்.ஐ. (டயருக்குக் காற்றடிக்கும்போது சொல்லும் அதே அளவு) வரை கூடுதல் அழுத்தம் இருக்கும். டப்பாவுக்குள்ளும் ஏறத்தாழ அதே அழுத்தம் என்பதால் திறக்கும்வரை பந்து தாங்கும். திறந்த பிறகு ஆடினாலும் சரி, பையில் கிடந்தாலும் சரி, ரப்பர் வழியாகக் காற்று கசிந்துகொண்டேதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு வெள்ளிக்கிழமையே டப்பாக்களைத் திறந்து அடுக்கி வைப்பது காசைக் காற்றில் விடுவது.

எக்ஸ்ட்ரா ட்யூட்டி என்றால் பந்தின் மேலுள்ள ஃபெல்ட், அதாவது ரோமத் துணி, கனமாக, கொஞ்சம் தளர்வாக நெய்திருக்கும் என்று பொருள். கரகரப்பான தரை அதைத் தேய்க்கும் வேகத்துக்கு ஈடுகொடுக்கத்தான் இந்த ஏற்பாடு. சேலத்தில் ஹார்டு கோர்ட் வைத்திருக்கும் கிளப்புக்கு இதுவே சரி, வேறு யோசனை வேண்டாம். அமெரிக்க ஓபனில் பெண்கள் பிரிவு நீண்ட காலம், அடுத்துச் சொல்லப்போகும் ரெகுலர் ட்யூட்டி பந்தில்தான் நடந்தது. 2023-ல் அவர்களும் எக்ஸ்ட்ரா ட்யூட்டிக்கு மாறிவிட்டார்கள்.

இதன் குறை ஆயுள். நான்கு பேர் டபுள்ஸ் ஆடும் கோர்ட்டில் இரண்டு, மூன்று மாலைகளுக்கு மேல் மேட்ச் பந்தாக நிற்காது. ஒரு டப்பா 500 ரூபாய், மூன்று மாலைக்கு ஒரு டப்பா, மாதம் 24 நாள் ஆட்டம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கோர்ட்டுக்கு 8 டப்பா, 4,000 ரூபாய். சந்தா நிர்ணயிக்கும்போது கரண்ட் பில்லுக்கு முன்னால் எழுத வேண்டிய வரி இது.

வெயில் இன்னொரு எதிரி. ஏப்ரல், மே மாதங்களில் தகரக் கொட்டகையிலும் கார் டிக்கியிலும் கிடக்கும் பந்தில் காற்று இன்னும் சீக்கிரம் இறங்கும். கிளப் அறையில் இருப்பதிலேயே குளிர்ச்சியான மூலையில், தரையை ஒட்டிய தட்டில் வையுங்கள்.

ரெகுலர் ட்யூட்டி: மண் கோர்ட்டுக்கு

ஃபெல்ட் மெல்லிசு, இறுக்கமான நெசவு. செம்மண் கோர்ட்டில் எக்ஸ்ட்ரா ட்யூட்டி பந்தைப் போட்டால் ஃபெல்ட் பஞ்சுபோல் எழும்பி, மண்ணை வாரிக்கொண்டு, இரண்டாவது செட்டிலேயே கனத்துப் போகும். சர்வ் போட்டால் வலைதாண்டிச் சோம்பலாக விழும், தோள்தான் வலிக்கும். ரெகுலர் ட்யூட்டியில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. மாறாக இதை ஹார்டு கோர்ட்டுக்குக் கொண்டுபோனால் ஒரே மாலையில் மொட்டையாகிவிடும்.

மண் கோர்ட்டில் பந்து கெடுவதற்குக் காரணம் பந்தின் தரத்தைவிடக் கோர்ட் பராமரிப்புதான். தண்ணீர் தெளித்து ரோலர் போட்ட உடனே புதுப் பந்தை இறக்காதீர்கள். மேல் ஈரம் உலரும்வரை பழைய பந்தில் வார்ம்-அப் ஆடட்டும். சரளை கலந்த மண்ணைச் சலிக்காமல் கொட்டியிருந்தால் எந்த ஃபெல்ட்டும் நிற்காது. சுண்ணாம்புக் கோடு இன்னும் ஈரமாக இருக்கும்போது பந்து அதில் பட்டால் ஃபெல்ட்டில் ஒட்டிக் காய்ந்து அந்த இடம் மட்டும் கட்டியாகிவிடும்.

சுவரில் மூன்று கோடு

பந்து செத்ததா இல்லையா என்பதை அழுத்திப் பார்த்துச் சொல்கிறவர்கள் எல்லாக் கிளப்பிலும் உண்டு. சண்டையும் அங்கேதான் ஆரம்பிக்கும். விதிப்படி வழக்கமான பந்தை 254 செ.மீ. உயரத்திலிருந்து கெட்டித் தரையில் விட்டால் 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும். கிளப் அறைச் சுவரில் இந்த மூன்று உயரத்திலும் கோடு போடுங்கள். கீழே சிமெண்ட் தரை வேண்டும். அளவு எல்லாம் பந்தின் அடிப்பக்கத்தை வைத்து. ஒருவர் ஸ்டூலில் ஏறிப் பந்தைத் தள்ளாமல் விரலை மட்டும் விடுவிக்க, இன்னொருவர் கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். போனில் ஸ்லோ மோஷன் இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு எச்சரிக்கை. விதியில் சொல்லும் அளவு 20 டிகிரி வெப்பத்துக்கானது. சித்திரை வெயிலில் சூடான பந்து கூடுதலாக எழும்பிப் பொய் சொல்லும். ஆகவே பழைய பந்தையும் அப்போதுதான் திறந்த பந்தையும் ஒரே நேரத்தில் விட்டு ஒப்பிடுவதே நம்பகம். பத்து செ.மீ.க்கு மேல் குறைந்தால் மேட்சிலிருந்து எடுத்துக் கோச்சிங் கூடைக்கு அனுப்பலாம். டப்பா திறந்த தேதியை மார்க்கர் பேனாவில் பந்தின் மேலேயே எழுதிவிட்டால் பாதி வாதம் அடங்கும்.

ஏற்காடு: இங்கேதான் விஷயம் இருக்கிறது

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் (ஐ.டி.எஃப்.) விதிகள் 1,219 மீட்டருக்கு மேல் ஆடுவதற்கென்று தனிப் பந்து வகைகளை அனுமதிக்கின்றன. அதாவது ஏற்காடு கோடு தாண்டிய ஊர்.

காரணம் இரண்டு. மேலே வெளிக்காற்றின் அழுத்தம் சேலத்தைவிட ஏறத்தாழ 2 பி.எஸ்.ஐ. குறைவு. பந்துக்குள் அடைபட்ட காற்று மாறவில்லை. எனவே பந்து அந்த அளவுக்கு விறைப்பாகி அதிகம் எகிறும். அடுத்து, காற்று லேசாக இருப்பதால் பந்தைத் தடுத்து நிறுத்தும் இழுவை குறையும், டாப்ஸ்பின் (பந்தின் முன்னோக்கிய சுழற்சி) கீழே இறக்கும் வேலையும் குறையும். சேலத்தில் பேஸ்லைனுக்கு ஓரடி உள்ளே விழும் ஷாட் அங்கே வெளியே போவது ஆட்டக்காரர் தப்பு மட்டுமல்ல. மார்கழிக் காலைக் குளிரில் ரப்பர் இறுகி எழும்பல் கொஞ்சம் சமனாகும். ஆனால் பறப்பது பறக்கும். கோடை மதியம்தான் மோசம்.

முதல் தேர்வு, டப்பாவில் ‘ஹை ஆல்டிட்யூட்’ என்று போட்ட அழுத்தப் பந்து. எடை, அளவு எல்லாம் வழக்கமான பந்துதான். எழும்பல் மட்டும் 122 முதல் 135 செ.மீ. வரை. கடை அலமாரியில் கண்ணில் படுவது அரிது. சொல்லி வைத்து வரவழைக்க வேண்டும், பெட்டியாக எடுக்க வேண்டியிருக்கும். போட்டி நடத்தும் கிளப் என்றால் இதற்குச் செலவு செய்யலாம். மிச்சமானதைச் சேலத்துக்கு இறக்கிக் கொண்டுவந்து ஆடலாம் என்று நினைக்காதீர்கள், திறந்ததுமே செத்த பந்துபோல் இருக்கும்.

இரண்டாவது, பிரஷர்லெஸ் பந்து. இதில் உள்ளே கூடுதல் காற்று இல்லை. தடித்த ரப்பர்ச் சுவர்தான் எழும்ப வைக்கிறது. காற்று கசிந்து சாகும் பேச்சே இல்லை, ஃபெல்ட் இருக்கும்வரை ஆடலாம். விதி இதற்கு ஒரு நிபந்தனை போடுகிறது: போட்டி நடக்கும் உயரத்திலேயே 60 நாளாவது வைத்திருக்க வேண்டும். தொழிற்சாலையில் அடைபட்ட காற்று மேலுள்ள காற்றோடு சமனாக அத்தனை நாள் ஆகும். மே மாதக் கோடை சீசனுக்குப் போட்டி வைக்கிறவர்கள் பிப்ரவரி முடிவதற்குள் பந்தை மலையேற்றிவிட வேண்டும். ஏப்ரல் கடைசியில் அவசரமாக வாங்கிக் கொண்டுபோனால் அந்தப் பலன் கிடைக்காது.

பிரஷர்லெஸ்ஸின் குறையையும் சொல்லியாக வேண்டும். புதிதாக இருக்கும்போது கட்டை மாதிரி அடிக்கும், முழங்கை வலி உள்ளவர்களுக்கு ஆகாது. ஃபெல்ட் தேயத் தேய எடை குறைந்து முன்பைவிட எகிறும். ஆனாலும் காற்று இறங்கிச் சாகாது என்பதால் கோச்சிங் கூடைக்கும் பந்து வீசும் மெஷினுக்கும் சேலத்திலும் இதுவே முதல் தேர்வு. மேட்சுக்குச் சேலத்தில் வேண்டாம்.

மூன்றாவது, பலருக்குத் தோன்றாத வழி: குழந்தைகளுக்கான பச்சைப் புள்ளிப் பந்து. அதன் எழும்பல் 120 முதல் 135 செ.மீ., ஹை ஆல்டிட்யூட் பந்தோடு கிட்டத்தட்ட ஒரே அளவு. ஓய்வாக டபுள்ஸ் ஆடும் பெரியவர்களுக்கு ஏற்காட்டில் ரேலி நீளும், ஆட்டம் சுவையாக இருக்கும். ஆனால் எடை 47 முதல் 51.5 கிராம்தான், வழக்கமான பந்து 56 கிராமுக்கு மேல். காற்றடிக்கும் நாளில் அலைபாயும், ஓங்கி அடிக்கிறவர்களுக்குப் பிடிக்காது.

பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு எங்கே ஆடினாலும் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று நிறம் பிரித்த குழந்தைகள் பந்து வரிசைதான்.

மலையில் மூடுபனியும் உண்டு. நனைந்த ஃபெல்ட் கனக்கும், மணிக்கட்டை இழுக்கும், உலர்ந்தபின் பொசுபொசுவென்று நிற்கும். அந்த நாட்களுக்கென்று தேய்ந்த பிரஷர்லெஸ் பந்து ஒரு டஜன் தனிப் பையில் இருக்கட்டும்.

அழுத்தக் குழாய் வாங்கலாமா?

ஆடி முடித்ததும் பந்தை உள்ளே போட்டு, மூடியைத் திருகி, சைக்கிள் பம்பால் சுமார் 14 பி.எஸ்.ஐ. ஏற்றி வைக்கும் குழாய்கள் விற்கின்றன. புதுப் பந்தை அன்றன்றைக்கே போட்டு வைத்தால் கசிவு நின்று, ஃபெல்ட் தேயும்வரை மேட்ச் பந்தாகவே ஓடும். வாரம் இரண்டு நாள் மட்டும் ஆடும் கிளப்புக்கு இது நல்ல முதலீடு. தினமும் ஆடும் கிளப்பில் காற்றுக்கு முன்னால் ஃபெல்ட் போய்விடும், லாபம் குறைவு. மொட்டைப் பந்துக்கு உயிர் கொடுக்காது. அழுத்தமானி இல்லாத மாடலைத் தொடாதீர்கள். பிளம்பிங் கடையில் பி.வி.சி. பைப்பும் எண்ட் கேப்பும் வாங்கி நாமே செய்துவிடலாம் என்று கிளம்பவும் கூடாது: அந்தப் பைப் அடைத்த காற்றுக்குச் செய்ததல்ல, வெடித்தால் சில்லாகத் தெறிக்கும்.

கடையில் பணம் கொடுக்கும் முன்

மொத்தமாக எடுத்தால் 24 டப்பா, 72 பந்து கொண்ட பெட்டியாக வரும். விலை குறைகிறதே என்று ஒரு வருடத்துக்குச் சேர்த்து வாங்க வேண்டாம். பிளாஸ்டிக் டப்பாவும் மெதுவாகக் காற்றை விடும். ஸ்டிக்கரில் உள்ள மாதம், ஆண்டைப் பாருங்கள். அதில் இறக்குமதி மாதம் மட்டும் இருந்தால் பந்து அதற்கும் முன்னே செய்தது என்று கணக்கில் கொள்ளுங்கள். ஒவ்வொரு டப்பாவின் பக்கத்தையும் கட்டைவிரலால் அமுக்கினால் கல்லாக இருக்க வேண்டும், குழிந்தால் ஒதுக்கிவிடுங்கள். பில் போடும்போதே, திறந்து ‘புஸ்’ சத்தம் வராத டப்பாவை மாற்றித் தருவீர்களா என்று கேட்டு, பில்லின் பின்னால் எழுதி வாங்குங்கள். தயங்குகிற கடையில் பெட்டிக் கணக்கில் எடுக்காமல், தேவைக்கு இரண்டு மூன்று டப்பா மட்டும் எடுத்தால் போதும்.