2009ஆ, 2010ஆ: எந்த கிரே கோப்பை?
கனடியன் ஃபுட்பால் லீக்கில் (நம்மூர் கால்பந்து அல்ல, அமெரிக்கன் ஃபுட்பால் போன்ற ஆட்டம்) மொன்றியால் அலுவெட்ஸ் அணி 2009, 2010 இரண்டிலும் இறுதி ஆட்டத்தில் ஜெயித்து கிரே கோப்பையை வென்றது. இரண்டு முறையும் தோற்றது சஸ்காச்சுவான் ரஃப்ரைடர்ஸ்தான், பாவம். ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருந்தால் என் ஓட்டு 2009க்கு. கல்கரியில் ஆட்டம் முடிகிற நேரம். மொன்றியாலின் டேமன் டுவால் உதைத்த 43 கஜ ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி எடுக்கும் முயற்சி) விலகிப் போனது. சஸ்காச்சுவான்காரர்கள் கொண்டாடவே தொடங்கிவிட்டார்கள். ஆனால் 12 பேர் நிற்க வேண்டிய களத்தில் அவர்கள் 13 பேர்! தண்டனையாக 10 கஜம் நெருங்கி மறு உதை, மொன்றியாலுக்கு 28-27 வெற்றி. அந்த அணி ரசிகர்களுக்குச் செல்லப்பெயரே ‘13ஆவது ஆள்’ என்பது கூடுதல் கொடுமை.

எட்மன்டனில் 2010 இறுதி 21-18. நல்ல ஆட்டம்தான், சஸ்காச்சுவானின் கடைசி முயற்சியை ஒரு இடைமறிப்பு (எறிந்த பந்தை எதிரணி பிடித்துவிடுவது) முடித்துவைத்தது, அவ்வளவுதான். லீக் சுற்றிலும் 2009 மொன்றியால் அணிதான் வலுவானது: 18 ஆட்டங்களில் 15 வெற்றி, மறு ஆண்டு 12.