சம்பள வேலையை வெளியே கொடுத்த மூன்று வருடம், திரும்ப எடுத்த இரண்டு வருடம்

ராமநாதபுரத்தில் கணக்கு, வரி ஆபீஸ் நடத்துகிறேன். என்னோடு சேர்த்து ஆறு பேர். கிளையண்ட்களில் பாதிக்கு மேல் கடலை நம்பிப் பிழைக்கிறவர்கள். மண்டபத்தில் இறால் கம்பெனி, பாம்பனிலும் தொண்டியிலும் ஐஸ் பிளான்ட், ராமேஸ்வரத்தில் லாட்ஜ், கீழக்கரையில் ஜவுளிக்கடை. போக இரண்டு தனியார் பள்ளிகள். எல்லாம் சேர்த்து மாதம் ஏறக்குறைய நானூறு பேருக்குச் சம்பளப் பட்டியல் போட்டு, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கட்டி முடிக்க வேண்டும்.

2020 ஜூன் வரை இதை ஆபீசிலேயே ஒரு தங்கச்சி பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி திருப்பூர் போய்விட்டார். அவர் கிளம்பிய பிறகுதான் எந்தப் பாஸ்வேர்டு எங்கே இருக்கிறது, எந்தத் தொழிலாளிக்கு இரண்டு யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) இருக்கிறது என்பதெல்லாம் அவர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது எனப் புரிந்தது. ஊரடங்கு நேரம், புது ஆள் கிடைக்கவில்லை. வெளியூரில் சம்பள வேலை மட்டும் எடுத்துச் செய்கிற ஒரு நிறுவனத்திடம் தலைக்கு இவ்வளவு என்று பேசி, நானூறு பேரையும் ஒப்படைத்தேன்.

முதல் ஒரு வருடம் நிம்மதியாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். பள்ளிக்கூடச் சம்பளம் மாதத்தின் கடைசி நாளே தயாராகிவிடும். சம்பளச் சீட்டு ஆசிரியர்களின் வாட்ஸ்அப்புக்கே போய்விடும். டி.டி.எஸ். (சம்பளத்தில் பிடிக்கும் வருமான வரி) 7-ஆம் தேதிக்குள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதன் கணக்கான 24க்யூ, ஜூன் 15-க்குள் ஊழியருக்குத் தரும் வரிச் சான்றான படிவம் 16 என ஒன்றும் தவறவில்லை. எங்கள் கையில் இருந்தபோது ஜூன் மாதம் முழுக்கப் படிவம் 16 கேட்டு டீச்சர்கள் ஆபீசில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அது நின்றது.

கடற்கரை கிளையண்ட்களிடம்தான் சிக்கல் வந்தது.

எங்கள் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. படகு போகாவிட்டால் ஐஸ் தேவையில்லை, உரிக்க இறாலும் வராது. ஆனால் யாரும் வேலையை விட்டுப் போவதில்லை. ஜூன் 15 விடிந்தால் அதே ஆட்கள் அதே இடத்தில் நிற்பார்கள். கணக்கில் இதைக் காட்ட வழி இருக்கிறது. பி.எஃப். ரிட்டர்னில் (மாதாமாதம் அனுப்பும் கணக்கில்) பங்களிப்பு இல்லாத நாட்களுக்கென்று தனிக் கட்டம் உண்டு. இ.எஸ்.ஐ.யில் சம்பள நாள் பூஜ்யம் என்று போட்டால் காரணம் கேட்கும். ‘வேலை இல்லை’ என்று ஒரு காரணம், ‘வேலையிலிருந்து விலகினார்’ என்று இன்னொன்று. எங்கள் பக்கத்து ஆளுக்கு எதைப் போட வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். வெளி நிறுவனத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு, வரிசையாகச் சம்பளம் பூஜ்யம் என்று வந்தால் ஆட்கள் போய்விட்டார்கள் என்று அர்த்தம். 2022 தடைக்காலத்தில் இறால் கம்பெனியின் முப்பத்தொரு பெண்களை ‘விலகினார்’ என்று போட்டுவிட்டார்.

ஜூலையில் அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண் ஆபீசுக்கு வந்தார். எட்டு மாதக் கர்ப்பிணி. இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் இ.எஸ்.ஐ. அட்டை, ஆதார் நகல், கம்பெனி கொடுத்த அடையாள அட்டை. விரல் நுனிகள் இறால் உரித்து வெளுத்துச் சுருங்கியிருந்தன. “சார், கம்ப்யூட்டர்ல நான் வேலைய விட்டுப் போயிட்டேன்னு காட்டுதாம். நான் எங்க சார் போனேன்? நேத்துகூட வேலைக்குப் போனேனே” என்றார்.

என்னிடம் பதில் இல்லை. இ.எஸ்.ஐ.யில் பிரசவ உதவிக்கு அதற்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) சேர்த்து 70 நாட்களுக்குக் குறையாமல் பங்களிப்பு இருக்க வேண்டும். அவருக்கு அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. 26 வாரச் சம்பள உதவிக்கு முழு உரிமை உள்ளவர். ரிட்டர்னில் காரணம் கேட்கும் கட்டத்தில் தவறான எண் விழுந்ததால் அலைய வேண்டியதாயிற்று. கம்பெனியின் கடிதம், வருகைப் பதிவேட்டு நகல், சம்பளம் வங்கியில் ஏறிய விவரம் எல்லாம் எடுத்துக்கொண்டு நானே மூன்று முறை போனேன். பணம் வந்து சேரும்போது குழந்தைக்கு இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்தத் தாமதத்துக்கு நான் பொறுப்பு. போகும் ரிட்டர்னை ஒருமுறை பார்த்திருந்தால் போதும். வெளியே கொடுத்துவிட்டோம் என்று பார்ப்பதை நிறுத்தியிருந்தேன்.

இரண்டாவது அடி அதே வருடம் டிசம்பரில். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டுக்கும் கடைசி நாள் அடுத்த மாதம் 15. ஐஸ் பிளான்ட் ஒன்றுக்குச் சலான் 15-ஆம் தேதி ராத்திரிதான் எங்கள் கைக்கு வந்தது. பார்ட்டி மறுநாள் காலை கட்டினார். ஒருநாள் தாமதத்துக்கு வட்டி சொற்பம்தான். ஆனால் அந்த அக்டோபர் 12-ஆம் தேதிதான் செக்மேட் சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த பங்கைக் கெடு நாளுக்குள் கட்டாவிட்டால், பிறகு கட்டினாலும் வருமான வரியில் அது செலவாகக் கழியாது, முதலாளியின் வருமானத்தோடு சேரும் என்பது அப்போதைய நிலை. பார்ட்டி வரி கட்டினார். வெளி நிறுவனத்திடம் கேட்டபோது ஒப்பந்தத்தைக் காட்டினார்கள்: எந்த நஷ்டத்துக்கும் அதிகபட்சம் ஒரு மாதக் கட்டணம்தான் ஈடு. கையெழுத்துப் போட்டபோது அந்த வரியை நான் படித்திருந்தேன். அதன் அர்த்தம் அன்றுதான் உறைத்தது.

சின்னச் சின்னதாகவும் இருந்தன. தொழில் வரி நம் மாநிலத்தில் அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சிக்குக் கட்டுவது. லாட்ஜ் ஊழியர் நாலு பேருக்கு கர்நாடகக் கணக்கில் மாதம் 200 பிடித்திருந்தார்கள். கீழக்கரைக் கடையில் வெள்ளிக்கிழமை வார விடுமுறை. அவர்கள் மென்பொருளில் ஞாயிறு. கடைக்காரக் காக்கா (கீழக்கரையில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) போன் போட்டு, “ஞாயித்துக்கிழமை வேலை பாத்த புள்ளைகளுக்கெல்லாம் ஆப்சென்ட் போட்டு வச்சிருக்காங்க, என்னன்னு பாருங்க தம்பி” என்றார். இவையெல்லாம் திருத்தக்கூடியவைதான். திருத்தவும் திருத்தினார்கள். திருத்தச் சொல்லி மெயில் எழுதுகிற நேரத்தில் நாங்களே பட்டியலைப் போட்டிருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

2023 அக்டோபரில் கடற்கரை கிளையண்ட்கள் அத்தனையையும் திரும்ப எடுத்தேன். எடுப்பதே பெரிய வேலையாகிவிட்டது. மூன்று கிளையண்ட்களின் பி.எஃப். தளத்தில் வெளி நிறுவனத்தார் தங்களுடைய மொபைல் எண்ணைப் பதிந்து வைத்திருந்தார்கள், ஓ.டி.பி. அங்கேதான் போகும். அதை மாற்றி முடிக்க ஒன்றரை மாதம். வெளியே கொடுக்க நினைக்கிற எந்த ஆபீசுக்கும் நான் முதலில் சொல்வது இது: ஓ.டி.பி. போகிற எண் முதலாளியுடையதாகவோ உங்களுடையதாகவோ இருக்கட்டும்.

இப்போது இரண்டு பேர் இந்த வேலை பார்க்கிறார்கள். ஒருவர் போட்டதை இன்னொருவர் பார்த்த பிறகே ரிட்டர்ன் போகும். 2020-இல் பட்ட பாடு போதும் என்பதால் மாதம் மாறி மாறிச் செய்யச் சொல்லியிருக்கிறேன். கணக்கு ஒன்றும் கடினமில்லை. 11,000 சம்பளம் என்றால் தொழிலாளியின் பி.எஃப். 1,320. முதலாளி தரும் 1,320-இல் 916 ஓய்வூதியத்துக்கு, 404 பி.எஃப்.புக்கு. தொழிலாளியின் இ.எஸ்.ஐ. 82 ரூபாய் 50 காசு வரும், 83 என்று ஏற்றிப் போட வேண்டும். மென்பொருள் இதைத் தப்பாமல் செய்கிறது. எங்கள் நேரம் போவது அதற்கு முந்தைய வேலையில். மேஸ்திரி நோட்டில் எழுதிய வருகை, தீபாவளிக்கு வாங்கிய அட்வான்ஸில் இந்த மாதம் எவ்வளவு பிடிப்பது, ஆதாரில் ‘லெட்சுமி’ என்றும் பி.எஃப்.பில் ‘லட்சுமி’ என்றும் இருக்கிற பெயர். இதற்கெல்லாம் நேரில் போய்க் கேட்க வேண்டும்.

2025 ஆகஸ்ட் 1 முதல் புது ஆளுக்கு யு.ஏ.என். எடுக்க அரசின் உமாங் செயலியில் முகம் காட்ட வேண்டும் என்று வந்தபின் நேரில் போவது இன்னும் கூடியது. இறால் உரிக்கும் பெண்களில் பலருக்குச் சொந்தப் போன் கிடையாது, மகன் போன்தான். எங்கள் ஆபீஸ் தம்பி போனை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கே போகிறார். ஷெட்டுக்குள் வெளிச்சம் போதாது. ஒவ்வொருவராக வாசலுக்குக் கூப்பிட்டு, தலையில் கட்டிய துணியை அவிழ்க்கச் சொல்லி, கண்ணைச் சிமிட்டச் சொல்கிறார். ஒரு காலையில் பன்னிரண்டு பேர் முடியும்.

செலவைக் கேட்பவர்களுக்கு: இரண்டு பேர் சம்பளம், மென்பொருள் எல்லாம் சேர்த்தால் வெளியே கொடுத்த தொகையைவிட இப்போது கூடுதல்தான். கிளையண்ட்களிடம் கட்டணத்தை ஏற்றினேன். ஒரு லாட்ஜ் விலகிப் போனது. மற்றவர்கள் இருக்கிறார்கள்.

பள்ளிகள் இரண்டையும் இன்றும் வெளியேதான் கொடுக்கிறேன், வேறு நிறுவனத்திடம். மாதச் சம்பளம், மாறாத ஆட்கள், டி.டி.எஸ். அதிகம் என்கிற இடத்தில் அவர்கள் என்னைவிடத் திறமையானவர்கள். 2025 நவம்பர் 21-இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்து, படிகள் (வீட்டு வாடகைப் படி போன்றவை) மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய மிச்சமும் சம்பளக் கணக்கில் சேரும் என்றானதும், ஆசிரியர்களின் சம்பளப் பிரிவுகளை ஆள்வாரியாகப் பிரித்து முதலில் அனுப்பியது அவர்கள்தான். ஒப்பந்தத்தில் மட்டும் இரண்டு வரி சேர்த்தேன்: சலான் 10-ஆம் தேதிக்குள் எங்களுக்கு வர வேண்டும், என் ஒப்புதல் இல்லாமல் யாரையும் ‘விலகினார்’ என்று போடக்கூடாது.

ஏப்ரல் 14 சித்திரைப் பிறப்பு, ஆபீஸ் விடுமுறை. அன்று சாயங்காலம் ஒவ்வொரு பிளான்டுக்கும் நானே போன் செய்கிறேன். மெஷின் பராமரிப்புக்கு யார் தங்குகிறார்கள், யார் வீட்டில் இருக்கப்போகிறார்கள், நிஜமாகவே வேலையை விட்டவர் யாராவது உண்டா என்று பெயர் பெயராகக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். போன வருடம் மூன்றாவது கேள்விக்கு ஒரே ஒரு பெயர்தான் வந்தது.