டி750-யா டி780-யா: ரெண்டையும் ஒரே தோள்ல மாட்டிக்கிட்டு அலைஞ்ச ஒரு வாரம்

எங்கிட்ட இருக்கது நிக்கான் டி750 கேமரா, 2016ல வாங்குனது. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில இருக்க கூட்டாளி ஒருத்தன் மிரர்லெஸ்ஸுக்கு (உள்ள கண்ணாடி இல்லாத புதுவகை கேமரா) போறான், அவனோட டி780 பாடிய, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவ, விக்கப்போறேன்னு சொன்னான். "ஒரு வாரம் கையில வச்சுப் பாருல, பிடிச்சா எடுத்துக்கோ, இல்லன்னா கேட்டு வேற ஆளு நிக்கி"ன்னு குடுத்துட்டான். அந்த வாரம் பாத்து எனக்கு ஒரு சொடலமாடன் கோயில் கொடையும் (எங்க ஊருப் பக்கத்துத் திருவிழா) ஒரு கல்யாணமும் இருந்துச்சு, சரி சோதிச்சுப் பாக்க இத விட்டா வேற நேரம் வாய்க்காதுன்னு ரெண்டையும் தூக்கிட்டுப் போயிட்டேன்.

மொதல்ல ஒண்ணு சொல்லிருதேன், கையில எடுத்த மொத ஒரு மணி நேரம் எனக்குப் பெருசா ஒரு வித்தியாசமும் தெரியல. 750 வந்தது 2014 செப்டம்பர், 780 வந்தது 2020 ஜனவரி, நடுவுல அஞ்சு வருஷத்துக்கு மேல ஓடிருக்கு, ஆனா ரெண்டும் 24 மெகாபிக்சல் சொச்சம், வெயிட்டும் கிட்டத்தட்ட அதேதான், வியூஃபைண்டர்ல பாத்தா அதே 51 போகஸ் பாயிண்ட், அதுவும் அதே மாதிரி நடுவுல குமிஞ்சு கெடக்கு, ஓரத்துல நிக்க ஆளுக்கு போகஸ் வச்சுட்டு ஃப்ரேம மாத்துற வேலை ரெண்டுலயும் உண்டு. 6400 ஐஎஸ்ஓ (இருட்டுல கூட்டி வைக்க அளவு) வரைக்கும் ரா பைல, அதாவது கேமரா மெருகேத்தாத மூலப் படத்த, பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன், எது எதுன்னு எனக்கே ரெண்டு தடவ மாறிப்போச்சு. படத்துல புள்ளி புள்ளியா வர்ற கிரெய்ன்ஸ் கொறையும்னு நெனச்சு மட்டும் யாரும் காச எடுத்து நீட்டிராதீங்க.

வித்தியாசம் தெரிஞ்சது கொடையிலதான்.

வெள்ளிக்கிழம சாமக்கொடை. ஒரு பக்கம் கணியான் கூத்து, மகுடம்ங்கிற தோல் மேளம் அடிக்கவாவ பாட்டுக்கு நடுவுல மகுடத்த ஓலைத் தீயில காட்டிக் காட்டி விறைப்பேத்துதாவ, அந்தத் தீ வெளிச்சம் மூஞ்சில அடிக்க ஒரு படம் ரெண்டு கேமராவுலயும் எடுத்தேன், ரெண்டும் சூப்பரா வந்துச்சு. அப்புறம் சாமி வந்து எறங்குனதும் கூட்டம் வளைச்சுக்கிட்டு. சல்லடம் (சாமியாடி உடுத்துற அரைக்கால் உடுப்பு) கட்டி வல்லயத்தப் (ஈட்டி) பிடிச்சுக்கிட்டு சாமியாடி நடுவுல குதிக்காரு, எனக்கு முன்னால நாலு வரிசை ஆளு, அதுல ஒரு அண்ணாச்சி வேற பேரன தோள்ல ஏத்தி வச்சுருக்காவ. ஒரே வழி கேமராவ ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கி, ஸ்கிரீன கீழ மடக்கி, லைவ் வியூவுல, அதாவது வியூஃபைண்டர விட்டுட்டு ஸ்கிரீனப் பாத்து, எடுக்கதுதான். 750லயும் ஸ்கிரீன் மடங்கும், அதுல கொறை இல்ல, ஆனா லைவ் வியூவுல அதோட போகஸ் பழைய காலத்து கான்ட்ராஸ்ட் முறை, முன்ன போகும், பின்ன போகும், திரும்ப முன்ன போகும், அது ஒரு முடிவுக்கு வர்றதுக்குள்ள சாமி முதுகக் காட்டிட்டு அந்தப் பக்கம் திரும்பிருச்சு. ஏழெட்டு படத்துல ஒண்ணு தேறுச்சு. 780ல லைவ் வியூவுக்குன்னு சென்சார்லயே 273 பேஸ் டிடெக்ட் பாயிண்ட் (முன்ன பின்ன தேடாம நேரா போகஸ் பிடிக்குற வகை) வச்சிருக்கான், அவன் கம்பெனி மிரர்லெஸ் இசட்6ல உள்ள அதே வித்தை, கண்ண வேற கண்டுபிடிச்சுப் பிடிக்கி. திருநீறு அப்புன மூஞ்சி, பொக, டியூப் லைட்டு, எல்லாத்துக்கும் நடுவுல அந்த மஞ்சக் கட்டம் சாமியாடி கண்ணு மேல போயி ஒக்காந்துச்சு பாருங்க, எனக்கே புல்லரிச்சுட்டு. அதுக்கப்புறம் சாமி வேட்டைக்குப் போச்சு, பின்னால யாரும் போகப்பிடாது, கேமராவும் போகாது, ரெண்டையும் பையில போட்டு மூடிட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு கல்யாணம், அங்க கதை அப்படியே திரும்பிட்டு.

மண்டபத்துல நான் ரெண்டு எஸ்பி-700 பிளாஷ ஸ்டாண்ட்ல நிறுத்திருவேன், 750ல உள்ள பாப்-அப் பிளாஷ் இருக்குல்லா, அதக் கமாண்டர் மோடுல போட்டா ஒயரு, டிரிக்கர் ஒண்ணும் இல்லாம ரெண்டையும் வேலை வாங்கிரும். 780ல பாப்-அப் பிளாஷே கெடையாது. பழக்க தோசத்துல விரல் போயி பட்டன் இருந்த எடத்தத் தடவுது, அங்க ஒண்ணுமே இல்ல. ஒண்ணு மூணாவதா ஒரு பிளாஷ தலையில மாட்டணும், இல்ல ரேடியோ டிரிக்கர் வாங்கணும், அது தனிச் செலவு. மத்தியானம் மண்டபத்து வாசல்ல குரூப் போட்டோ எடுக்கும்போது எல்லார் கண்ணுக்கும் கீழ வெயில் நிழல் விழும், அதுக்கு அந்தச் சின்ன பிளாஷ் போதும், பட்டுனு தூக்கிட்டு எடுத்துட்டுப் போயிரலாம். ஏன் இத எடுத்துட்டான்னு இன்னும் எனக்கு ஆத்திரமா இருக்கு. அடுத்தது கிரிப். 750க்கு கீழ மாட்ட பேட்டரி கிரிப் உண்டு, செங்குத்தா பிடிச்சு மாப்பிள பொண்ணு எடுக்க அது இல்லாம என் மணிக்கட்டு தாங்காது, 780க்கு அப்படி ஒரு கிரிப்பே அவன் போடல.

அதுக்கு ஈடா பேட்டரி. கம்பெனிக் கணக்குல 750 ஒரு சார்ஜுக்கு 1230 படம், 780 வந்து 2260 படம். கல்யாணத்துல பாத்தா தாலி கட்டி முடிச்சு பந்தி போடுததுக்கு முன்னாலயே 750ல பேட்டரி மாத்திட்டேன், 780 ராத்திரி ரிசப்ஷன் வரைக்கும் ஒண்ணுலயே ஓடிட்டு. ஆனா அது வியூஃபைண்டர்ல எடுத்தா மட்டும், லைவ் வியூவுல போட்டா அதுவும் தண்ணி மாதிரி குடிக்கும். பழைய இஎன்-இஎல்15 பேட்டரி 780லயும் வேலை செய்யும், யூஎஸ்பில சார்ஜ் ஏறணும்னாதான் கூட வர்ற 15பி வேணும்.

மறுநாள் உச்சி வெயிலுக்கு பொண்ணு மாப்பிளய குறுக்குத்துறை படித்துறைக்குக் கூட்டிட்டுப் போனோம். நம்ம ஊரு பன்னெண்டு மணி வெயில்ல 100 ஐஎஸ்ஓ வச்சு லென்ஸ் துவாரத்த எஃப்1.8க்கு அகலமா தெறந்து எடுக்கணும்னா கணக்குப்படி 1/8000 செகண்ட் ஷட்டர் வேணும். 750 1/4000ல நின்னுரும், வெள்ள வேட்டி வெந்துபோன மாதிரி ஆயிரும், இல்லன்னா அந்தத் துவாரத்தச் சுருக்கணும், பின்னால ஆத்த மங்கலாக்க முடியாது. 780 1/8000 போகும். என்டி ஃபில்டர் (வெளிச்சத்தக் கொறைக்க கருப்புக் கண்ணாடி) இருந்தா இந்தப் பிரச்சனையே இல்லங்கதும் உண்மதான்.

பறவை எடுக்க கூந்தன்குளம் சரணாலயத்துக்கும் ஒரு எட்டு போயிட்டு வந்தேன். ஒரு செகண்டுக்கு 750ல 6.5 படம், 780ல 7 படம், என்ன பெரிய வித்தியாசம்? பஃபர் (விடாம எடுக்குற படங்கள கார்டுக்குப் போறதுக்கு முன்ன தாங்குற எடம்) மட்டும் 780ல தாராளம், 750 சீக்கிரம் மூச்சு வாங்கும். லைவ் வியூவுல 12 படம்னு சொல்லுதான், எலக்ட்ரானிக் ஷட்டர்ல பறக்க நாரைக்கு றெக்க வளஞ்சு வருது, சவத்த விடுங்க.

வீடியோவப் பத்தி நீட்ட வேண்டாம், 750 முழு எச்டியோட நின்னுட்டு, 780 சென்சார் முழுசையும் வச்சு 4கே 30 எடுக்கு, போகஸும் தானா பிடிக்கி. வீடியோ கேக்க ஆளுக்கு 750ய யோசிக்கவே வேண்டாம்.

"இந்தக் காலத்துல எதுக்குவே கண்ணாடி வச்ச கேமரா, மிரர்லெஸ் எடும்"னு சொல்லுதவாவ நெறைய. எங்கிட்ட நிக்கானோட பழைய 'டி' வகை லென்ஸ் ரெண்டு கெடக்கு, அதுக்குள்ள மோட்டார் கெடையாது, பாடிக்குள்ள மோட்டார் இருந்தாதான் போகஸ் ஓடும், 750லயும் 780லயும் அந்த மோட்டார் இருக்கு. இசட் பாடிக்கு நிக்கான் போட்ட அடாப்டர்ல மோட்டார் இல்ல, அத மாட்டுனா கையாலதான் திருகணும்.

செகண்ட் ஹேண்ட்ல 750 தேடுறவங்களுக்கு ஒண்ணு. ரெண்டு பாடிக்கும் ஷட்டர் ஆயுசுன்னு சொல்லுதது ஒன்றரை லட்சம் கிளிக். எனக்குத் தெரிஞ்ச தம்பி ஒருத்தன் ஒரு கடையில "இருபதாயிரம்தான் ஓடிருக்கு"ன்னு சொன்னத நம்பி வாங்கிட்டு வந்தான், படத்த என் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தா லட்சத்துச் சொச்சம். எடிட் பண்ணாத பைல் ஒண்ணு கேட்டு வாங்குங்க, எண்ணிக்கை அதுக்குள்ளயே இருக்கும். அதோட 750ல சில லாட்டுகள்ல படத்துல ஷட்டர் நிழல் விழுற கொறை இருந்து, நிக்கானே 2015ல அறிவிப்பு விட்டு சும்மா சரிபண்ணிக் குடுத்தான், வாங்குற பாடியோட சீரியல் நம்பர் அதுல உண்டா, உண்டுன்னா வேலை நடந்துருக்கான்னு விசாரிச்சுக்கோங்க.

அப்ப எது? போட்டோ மட்டும்தான், வியூஃபைண்டர்ல கண்ண வச்சுப் பாத்துதான் எடுப்பேங்கிறவருக்கு 750 போதும், ரெண்டுக்கும் உள்ள வெல வித்தியாசத்துல ஒரு 85 எம்எம் லென்ஸ் தேத்திரலாம், அது படத்துல காட்டுற மாத்தத்த 780 காட்டாது. எனக்கு வருசத்துக்கு பத்து பதினஞ்சு கொடை வருது, தலைக்கு மேல தூக்கி எடுக்குற அந்த ஒரு காரியத்துக்காகவே 780ய எடுத்துட்டேன், பாதிப் பணம் குடுத்தாச்சு, மீதி ஆவணிக்கு.

750ய விக்க மனசு வரல. 2023 டிசம்பர் வெள்ளத்துல வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி, பைய தலையில வச்சு மாடிக்குத் தூக்குனேன், பேருக்கேத்த மாதிரி இன்னும் நிக்கான். அத அக்கா மவன்கிட்ட பழகக் குடுத்துருக்கேன். வாங்கி ஒரு நிமிசம் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "மாமா, இதுல ரீல்ஸ் எடுக்கலாமா"ன்னான். எடுக்கலாம்ல, போகஸ நீதான் கையால திருகணும்னேன், பய மூஞ்சி போன போக்கப் பாக்கணுமே.